கவனம் ஈர்க்கப்படுகிறது: வணிகத் தமிழில் சொல்லும் குறியும்

தமிழில் தினமும் அச்சாகிற, ஆனால் யாரும் விமர்சனம் எழுதாத உரைநடை ஒன்று உண்டு. நாவலுக்கு மதிப்புரை வருகிறது. கவிதைத் தொகுப்புக்குக் கூட்டம் போட்டு நாலு பேர் பேசுகிறார்கள். வங்கியின் கடிதம், நிதி நிறுவனத்தின் நோட்டீஸ், பேப்பரில் அரைப்பக்கத்துக்கு வரும் ஏல அறிவிப்பு இதையெல்லாம் மொழி என்றே நாம் கணக்கில் எடுப்பதில்லை. "அது ஆபீஸ் தமிழ், அப்படித்தான் இருக்கும்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஒரு நாவல் மோசமாக இருந்தால் வாசகனுக்குப் போவது சில நூறு ரூபாயும் இரண்டு நாளும். இந்தத் தமிழ் மோசமாக இருந்தால் சில சமயம் வீடே போகும்.

ஆங்கில அலுவலகக் கடிதங்களைத் தமிழாக்கும் வேலையைச் சில காலமாகச் செய்துவருகிறேன். அதனால் இந்த வகை எழுத்தை அதிகம் படித்தாக வேண்டிய நிலை. படித்ததில் எனக்குத் தோன்றியது இது: வணிகத் தமிழின் நோய் ஒற்றுப்பிழையோ வடசொல் கலப்போ இல்லை. யார், எதை, எப்போதுக்குள் என்ற மூன்று கேள்விகளுக்கும் அது பதிலை மறைக்கிறது. சொல்லிலும் மறைக்கிறது, நிறுத்தற்குறியிலும் மறைக்கிறது.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் காற்றில் கத்தி வீசுவது மாதிரி ஆகிவிடும். ஆகவே ஒரே ஒரு வகை அறிவிப்பை எடுத்துக்கொள்கிறேன். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் நின்றுபோனால், கோர்ட்டுக்குப் போகாமலே அந்தச் சொத்தைக் கையகப்படுத்தி விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம் 2002இல் வந்தது. சர்ஃபேசி சட்டம் என்றால் பலருக்கும் தெரியும். அதன் 13(2) பிரிவின்படி முதலில் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பணம் வராவிட்டால் சொத்தைக் கைப்பற்றி, அதற்கான அறிவிப்பை வீட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். ஏழு நாளுக்குள் இரண்டு செய்தித்தாள்களில் வெளியிட வேண்டும். அந்த இரண்டில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். கடன் வாங்கியவருக்குப் புரியட்டும் என்பதற்காகத்தானே அந்த விதி? அப்படியானால் அந்தத் தமிழை, புரிகிறதா என்ற அளவுகோலை வைத்து விமர்சிக்க எனக்கும் உங்களுக்கும் உரிமை இருக்கிறது.

அது எப்படி இருக்கும்? பல அறிவிப்புகளில் பார்த்ததைச் சேர்த்து நானே ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்:

"கீழே கையொப்பமிட்டுள்ள அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியானவர் மேற்படி சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அதிகாரங்களைப் பயன்படுத்தி கடன்தாரர் மற்றும் ஜாமீன்தாரருக்கு கேட்பு அறிவிப்பு அனுப்பப்பட்டு அதில் கண்ட தொகையை அறிவிப்பு கிடைக்கப்பெற்ற 60 தினங்களுக்குள் செலுத்துமாறு கோரப்பட்டிருந்தது கடன்தாரர் செலுத்தத் தவறியதால் கடன்தாரர் மற்றும் ஜாமீன்தாரர் மற்றும் பொதுமக்களுக்கு இதன்மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில் கீழே விவரிக்கப்பட்டுள்ள சொத்தின் சுவாதீனம் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது பிணையச் சொத்தை மீட்க உள்ள கால அவகாசம் தொடர்பாக சட்டப் பிரிவு 13 உட்பிரிவு (8)-இன்பால் கடன்தாரரின் கவனம் ஈர்க்கப்படுகிறது."

ஒரே மூச்சு. கடைசியில் மட்டும் ஒரு முற்றுப்புள்ளி. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு முட்டும்.

முதலில் இந்த வாக்கியத்தின் எழுவாயைத் தேடுவோம். "அதிகாரியானவர்" என்று கம்பீரமாகத் தொடங்குகிறது. அவர் என்ன செய்தார்? "அறிவிப்பு அனுப்பப்பட்டு", "கோரப்பட்டிருந்தது", "எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது". அவர் ஒன்றுமே செய்யவில்லை! எல்லாம் தானாக நடந்திருக்கிறது. ஆங்கில மூலத்தில் அதிகாரி அனுப்பினார், அதிகாரி கைப்பற்றினார் என்றுதான் இருக்கும். தமிழுக்கு வரும் வழியில் ஆள் தொலைந்துபோனார். "படு" போட்டு எழுதும் செயப்பாட்டு வினை தமிழுக்குப் புதிது இல்லை. செய்தவர் யாரென்று தெரியாதபோதும், அது முக்கியம் இல்லாதபோதும் அதற்கு வேலை இருக்கிறது. ஒரு வீட்டைக் கைப்பற்றியவர் யார் என்பது முக்கியம் இல்லாத விஷயமா?

செய்தவர் பற்றி இவ்வளவு கூச்சம். செய்யத் தவறியவர் பற்றிக் கூச்சமே கிடையாது. "கடன்தாரர் செலுத்தத் தவறியதால்" என்ற இடத்தில் மட்டும் செய்வினை பளிச்சென்று வந்து நிற்கிறது. இந்த ஓரவஞ்சனையை அலுவலகக் கடிதங்கள் எல்லாவற்றிலும் பார்க்கலாம். "தாங்கள் ஆவணம் தரவில்லை, ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது." தப்பு செய்தவர் தாங்கள். நிராகரித்தது யாரோ.

அடுத்து, சொற்கள். வணிக எழுத்தில் சொல் தேர்வு என்றதும் நம்மிடம் இரண்டு கட்சிகள் கிளம்பும். ஒன்று, எல்லாவற்றையும் நல்ல தமிழில் ஆக்க வேண்டும் என்பது. மற்றது, "ஏன் சார் கஷ்டப்படறீங்க, இங்கிலீஷ் வார்த்தையையே போட்டுட்டுப் போங்க" என்பது. இரண்டுமே சொல்லைப் பார்க்கின்றன, வாசகரைப் பார்ப்பதில்லை. கடன் தவணை மூன்று மாதத்துக்கு மேல் நின்றுவிட்டால் வங்கிக் கணக்கில் அதற்கு ஒரு பெயர் உண்டு. அதை அப்படியே தமிழாக்கி "செயல்படாச் சொத்து" என்று போடுகிறார்கள். சுத்தமான தமிழ்தான். ஆனால் கடன் என்பது வங்கிக்குத்தான் சொத்து. படிப்பவருக்குச் சொத்து என்றால் அவர் வீடு. "என் வீடு நல்லாத்தானே இருக்கு, எப்படிச் செயல்படலைங்கிறான்?" என்று அவர் கேட்டால் அது அறியாமை இல்லை, சரியான வாசிப்பு. இத்தனைக்கும் "வாராக்கடன்" என்று ஒரு அருமையான சொல் செய்தித்தாள்களில் புழங்குகிறது. பார்த்ததும் புரிகிறது.

அந்தச் சட்டத்தின் பெயரையே "பாதுகாப்பு ஆர்வம்" என்ற சொற்களோடு அச்சிட்ட அறிவிப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் வட்டிக்கும், உரிமைக்கும், ஆர்வத்துக்கும் ஒரே சொல். அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்துப் போட்டுவிட்டார்கள். அது "பிணைய உரிமை". இங்கே பாதுகாப்பும் இல்லை, ஆர்வமும் இல்லை.

மறுபக்கம், "சுவாதீனம்" வடசொல் என்பதற்காக அதைத் தூக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கிரயப் பத்திரம் எழுதிய குடும்பங்களுக்கு அது பழகிய சொல். சொத்தைக் கையில் ஒப்படைப்பது என்று அவர்களுக்குத் தெரியும். பத்திரமே பார்க்காதவருக்கு அது "சித்த சுவாதீனம்" என்ற தொடரில் மட்டும்தான் அறிமுகம். ஆகவே சொல்லை வைத்துக்கொண்டு, பக்கத்தில் "அதாவது சொத்தை வங்கி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது" என்று எழுதினால் ரெண்டு பேருக்கும் ஆச்சு. சொல் எங்கிருந்து வந்தது என்பது இலக்கண ஆசிரியரின் கேள்வி. யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதே கடிதம் எழுதுபவரின் கேள்வி.

இப்போது குறிகளுக்கு வருகிறேன். ஓலைச்சுவடியில் கால்புள்ளி கிடையாது; மெய்யெழுத்தின் மேல் புள்ளிகூடப் பெரும்பாலும் இராது. இன்று நாம் இடுகிற நிறுத்தற்குறிகள் ஐரோப்பிய அச்சோடு வந்தவை. 19ஆம் நூற்றாண்டு உரைநடையில் நிலைபெற்றன. அவற்றை ஒழுங்காகக் கையாண்டவர்களில் ஆறுமுக நாவலர் (1822–1879) முக்கியமானவர். அதற்கு முன் தமிழ் குழம்பிக் கிடந்ததா என்றால், இல்லை. காரணம், கால்புள்ளி செய்யும் வேலையில் பாதியைத் தமிழில் விகுதிகளும் உருபுகளும் செய்துவிடுகின்றன.

இதற்கு ஒரு அமெரிக்க வழக்கு நல்ல சாட்சி. மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள், தங்களுக்குக் கூடுதல் நேர ஊதியம் தரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். எந்த வேலைகளுக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டியதில்லை என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல். பட்டியலின் கடைசியில் அனுப்புவது, வினியோகிப்பது என்ற இரண்டுக்கும் பொதுவாகப் பொதிதல் வருகிறதா, அல்லது வினியோகம் தனி வேலையா? இடையில் ஒரு கால்புள்ளி இருந்திருந்தால் அது தனி வேலை; ஓட்டுநர்கள் தோற்றிருப்பார்கள். கால்புள்ளி இல்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் குழப்பத்தின் பலனை ஓட்டுநர்களுக்குக் கொடுத்தது. மறுவருடம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

இதே பட்டியலைத் தமிழில் எழுதிப் பாருங்கள். "அனுப்புவதற்கோ வினியோகிப்பதற்கோ பொதிதல்" என்று எழுதலாம். அல்லது "அனுப்புவதற்குப் பொதிதல், வினியோகித்தல்" என்று எழுதலாம். மழுப்ப வழி இல்லை. நான்காம் வேற்றுமை உருபு போடுகிற இடத்தில் எழுதுபவர் முடிவெடுத்தே தீர வேண்டும். கனடாவிலும் இப்படி ஒன்று நடந்தது. தொலைபேசிக் கம்பங்களைப் பயன்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றில் இரண்டாவது கால்புள்ளியை வைத்து, முதல் ஐந்து ஆண்டுக்குள்ளேயே ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2006இல் சொன்னது. மறு ஆண்டு, அதே ஒப்பந்த வாசகத்தின் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்துவிட்டு, அதில் அந்தக் குழப்பம் இல்லை என்று முடிவை மாற்றியது. ஒரு மொழியில் கால்புள்ளியைத் தொங்கிக்கொண்டிருக்கும் பொருள், இன்னொரு மொழியின் வாக்கிய அமைப்பிலேயே தெளிந்துவிடலாம்.

அந்தத் தெளிவு நமக்குக் கையிலேயே இருக்கிறது. அதைத்தான் "மற்றும்" என்ற ஒற்றைச் சொல்லால் கெடுத்துக்கொள்கிறோம். "கடன்தாரர் மற்றும் ஜாமீன்தாரர் சொத்து" என்று ஒரு தொடர். இது யார் சொத்து? கடன்தாரருக்கு ஒரு சொத்து, ஜாமீன்தாரருக்கு ஒரு சொத்து, ஆக இரண்டா? இல்லை இருவர் பெயரிலும் இருக்கிற ஒரே சொத்தா? "கடன்தாரரின் சொத்தும் ஜாமீன்தாரரின் சொத்தும்" என்றால் இரண்டு. "கடன்தாரரும் ஜாமீன்தாரரும் கூட்டாக வைத்திருக்கும் சொத்து" என்றால் ஒன்று. "உம்" போட்டால் தீர்ந்தது. "மற்றும்" போட்டால், இங்கிலீஷில் இருக்கிற குழப்பத்தைச் சுங்கவரி கட்டாமல் இறக்குமதி செய்கிறோம்.

தமிழில் கால்புள்ளி தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அதற்கு வரிசையில் மூன்றாவது இடம். முதலில் உருபு, அடுத்து சொற்களின் வரிசை, பிறகுதான் கால்புள்ளி. "பழைய வீட்டு உரிமையாளர்" என்பதில் பழையது வீடா, உரிமையாளரா? நடுவே கால்புள்ளி போட்டால் அசிங்கமாக இருக்குமே தவிர தெளியாது. "வீட்டின் முன்னாள் உரிமையாளர்" என்று வரிசையை மாற்றினால் வேலை முடிந்தது.

குறியால் மட்டுமே கவிழக்கூடிய இடமும் உண்டு. நம் பத்திர எழுத்தர்கள் நான்கு எல்லை எழுதும் முறையைக் கவனித்திருப்பீர்கள். "குமரேசன் வீட்டுக்குக் கிழக்கு" என்றால் நம் சொத்து குமரேசன் வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. அதாவது குமரேசன் நமக்கு மேற்கே. இதையே இன்று அட்டவணை போடுகிறேன் பேர்வழி என்று "கிழக்கு: குமரேசன் வீடு" என்று தட்டச்சு செய்தால், குமரேசன் நமக்குக் கிழக்கே போய்விட்டார். "க்கு" போய் முக்காற்புள்ளி வந்ததில் மனையே திரும்பிப் படுத்துவிட்டது. பழைய பத்திரத் தமிழைக் கேலி செய்வது சுலபம். மூச்சுவிடாமல் எழுதுவார்கள்தான். ஆனால் அந்த "க்கு" எதற்கு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது கேள்வி, எப்போதுக்குள். "60 தினங்களுக்குள்" என்றால் எந்தத் தேதியிலிருந்து? 13(2) பிரிவு அறிவிப்பின் தேதியிலிருந்து என்கிறது. கைப்பற்றல் அறிவிப்புக்கு விதிகளோடு சேர்த்துத் தந்திருக்கும் படிவமோ அறிவிப்பு கிடைத்த தேதியிலிருந்து என்கிறது. தபால் ஒரு வாரம் தாமதமானால் இரண்டுக்கும் இடையே ஒரு வாரம் வித்தியாசம். கடிதம் எழுதுகிற நிறுவனத்தால் இதை ஒரு நொடியில் தீர்க்க முடியும்: ஒரு தேதியை எழுதினால் போதும். "உடனடியாக", "விரைவில்", "உரிய காலத்தில்" என்று எழுதுகிறவர்கள் காலத்தைச் சொல்லவில்லை, தங்கள் கோபத்தின் அளவைச் சொல்கிறார்கள்.

இப்போது அந்த மாதிரி அறிவிப்பின் கடைசி வாக்கியம். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், தம்பியின் லேத் பட்டறைக் கடனுக்குத் தன் வீட்டை அடமானமாகக் கொடுத்து ஜாமீன் நின்றவர். ஒருநாள் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்திருந்தார்.

"தம்பி, இதுல கவனம் ஈர்க்கப்படுகிறதுன்னா என்னப்பா? நம்மள கவனமா இருக்கச் சொல்றாங்களா?"

"இல்லக்கா. ஏல நோட்டீஸ் வெளியாகிறதுக்கு முன்னாடி பாக்கி, செலவு எல்லாத்தையும் கட்டினா வீட்டை மீட்டுக்கலாம்னு அர்த்தம்."

"அது கடன்தாரருக்குன்னுல்ல போட்டிருக்கு? கடன் வாங்கினது நான் இல்லையே."

"சட்டத்துல கடன்தாரர்னா ஜாமீன் போட்டவங்களும், சொத்தை அடமானம் வச்சவங்களும் சேர்த்திதான்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அதை எழுதினா என்னவாம்?" என்றார்.

இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்லிக்கொண்டிருப்பதை அவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். 13(8) பிரிவு 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி, பொது ஏல அறிவிப்பு வெளியாகும் தேதிக்கு முன் முழுப் பாக்கியையும் செலவுகளையும் கட்டினால் சொத்தை விற்க முடியாது. அந்த அறிவிப்பு வெளியானபின் மீட்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, அந்த அரைப்பக்கத்தில் படிப்பவருக்கு உயிரான சேதி ஒன்றே ஒன்றுதான்: இன்னும் நேரம் இருக்கிறது, இந்த இடம் வரைக்கும்தான் இருக்கிறது. அதைத்தான் ஒரு பிரிவு எண்ணுக்குள் பூட்டி, சாவியை "கவனம் ஈர்க்கப்படுகிறது" என்ற தொடரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஈர்க்கிற அளவுக்கு அதில் எதுவும் எழுதவில்லை.

இதற்கு வங்கித் தரப்பில் ஒரு பதில் உண்டு, அதில் நியாயமும் உண்டு. "படிவத்தில் உள்ள வாசகத்தை மாற்றினால் நாளைக்குக் கோர்ட்டில் எங்கள் கழுத்தைப் பிடிப்பார்கள். சட்ட மொழி துல்லியத்துக்காக அப்படி இருக்கிறது" என்பார்கள். சரி. படிவ வாசகம் இருக்கட்டும். ஆனால் எழுவாய் தொலைந்த வாக்கியம் எந்தப் படிவத்திலும் இல்லை. "பாதுகாப்பு ஆர்வம்" எந்தத் துல்லியத்தின் பெயராலும் வரவில்லை. துல்லியம் வேண்டும் என்பவர்கள்தான் முதலில் இவற்றைத் திருத்த வேண்டும். படிவத்துக்குக் கீழே நாலு வரி சேர்த்தால் துல்லியம் எங்கும் ஓடிவிடாது:

"இந்த வீட்டை எங்கள் வங்கி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஏல அறிவிப்பை வெளியிடுவதற்கு முன், முழுப் பாக்கியையும் எங்கள் செலவையும் கட்டினால் வீட்டை மீட்கலாம். இது கடன் வாங்கியவருக்கும், ஜாமீன் நின்றவருக்கும், சொத்தை அடமானம் வைத்தவருக்கும் பொருந்தும். எங்கள் நடவடிக்கையை ஏற்காதவர்கள், சொத்தைக் கைப்பற்றிய நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம்."

நாலு வாக்கியம், நாலு முற்றுப்புள்ளி. யார், எதை, எப்போதுக்குள் மூன்றும் வந்துவிட்டன. இதில் இலக்கியம் எதுவும் இல்லை, தனித்தமிழும் இல்லை. "ஜாமீன்" அப்படியே இருக்கிறது. தீர்ப்பாயம் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இருக்கிறது என்று ஒரு வரி கூடுதலாகப் போட்டால் இன்னும் நல்லது.

மொழி அக்கறை உள்ளவர்கள் பெயர்ப்பலகையில் ஒற்று விட்டுப்போனதைப் படம் எடுத்துப் போடுகிறோம். "மருந்து கடை" என்று எழுதினால் மருந்தைக் கடையச் சொல்கிறதா என்று சிரிக்கிறோம். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பலகையைப் பார்த்து மருந்து வாங்காமல் திரும்பியவர் யாரும் இல்லை. ஒரு ஒற்றுகூடப் பிழையில்லாமல், அழகாக அச்சான அறிவிப்பைப் படித்துவிட்டு, தனக்கு இன்னும் வழி இருக்கிறது என்பதே தெரியாமல் செய்தித்தாளை மடித்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். நம் விமர்சனத்தில் ஒரு பங்காவது இந்தப் பக்கம் வர வேண்டும். இனி ஒரு கடிதம் எழுதும்போது, அது வாடகை பாக்கி கேட்கும் கடிதமானாலும் சரி, சரக்குக்கு விலைப்புள்ளி அனுப்புவதானாலும் சரி, எழுதி முடித்தபின் "படும்" என்று முடியும் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் "யாரால்?" என்றும், ஒவ்வொரு "மற்றும்"முக்குப் பக்கத்தில் "உம் போடலாமா?" என்றும், ஒவ்வொரு "விரைவில்"லுக்கு மேலே "எந்தத் தேதி?" என்றும் பென்சிலால் எழுதிப் பாருங்கள். பதில் எழுத முடியாத இடத்தில் பிரச்சினை தமிழில் இல்லை, சொல்ல வேண்டியதை இன்னும் நாமே முடிவு செய்யவில்லை என்று அர்த்தம்.